பாற்பசையும் கல்கத்தாவின் மரவிமானங்களும்

பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். உறை ஊற்றித் தயிராக்கலாம். கடைந்து வெண்ணெய் எடுக்கலாம். அதை உருக்கி நெய்யாக்கலாம். அதே பாலிலிருந்து மரத்தோடு மரத்தைப் பிணைக்கும் பசையும் எடுக்கலாம் என்பதை நம் குடியிருப்பு அன்பர்களுள் சிலர் அறிந்திருப்பர். அப்பசையைக் கொண்டு கட்டத் தொடங்கிய ஒருவகை ஆகாய விமானம், நம் டாக்குரியாவுக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள அலிப்பூரிலிருந்து இரண்டாம் உலக யுத்தத்தின்போது பறந்தது என்பதை அறிந்தோர் அவரினும் சிலரே.

அவ்விமானங்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. சீமையில் மரத்தாலும் பாற்பசையாலும் கட்டி அனுப்பிய விமானங்கள், இந்நாட்டு வெயிலிலும் வங்காளத்து அடைமழையிலும் பசை விட்டுப்போய் நடுவானில் பிரிந்து விழுந்தன என்பதே அக்கதை. கேட்போர் சிரிப்பர், பாலை நம்பி வானில் ஏறினால் வேறென்ன ஆகும் என்பர். ஆனால் விழுந்தவற்றில் மனிதர் இருந்தனர். ஆதலால் இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வீண்பழி என்று பார்ப்பது தகும். நாம் இரசாயனத்தில் பட்டம் பெற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வேயில் பேனா பிடித்தவர். எனினும் விபத்து என்றால் விசாரணை, விசாரணை என்றால் அறிக்கை, அறிக்கை என்றால் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி, இவற்றோடு பழகிய இலாகா நம்முடையது. அந்தப் பழக்கமே இக்கட்டுரைக்குத் துணை.

முதலில் பசை எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பங்கு புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய உருண்டைகளாய், கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டு பாலில் மிதக்கிறது. உருண்டைகள் யாவற்றின்மீதும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால், மனத்தாங்கல் கொண்ட சம்பந்திகளைப்போல் ஒன்றையொன்று நெருங்காமல் விலகியே நிற்கின்றன. எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட்டுப் புளிப்பேற்றினால் அம்மின்னேற்றம் தணிகிறது. விலகி நின்றவை கூடித் திரண்டு கட்டியாகின்றன. தெளிந்த நீர் பிரிந்துபோகிறது. பால் திரிந்துவிட்டது என்று நாம் சொல்வது இதையே.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் வங்காளிகளுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. தமிழ் இல்லத்தில் பால் திரிவது ஒரு சிறு துக்கம். பாத்திரத்தைச் சரியாகத் துலக்கவில்லை என்று ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்வர். காலை காப்பி கெட்டது என்று ஆண்கள் முகம் சுளிப்பர். வங்காளியோ நல்ல பாலை அடுப்பில் ஏற்றி, வேண்டுமென்றே திரித்து, அதற்குச் சானா என்று பெயரிட்டு, தன் விருந்தின் முதலிடத்தில் வைத்திருக்கிறார். சந்தேசம் ஆவதும் அதுவே. ரசகுல்லா ஆவதும் அதுவே.

இப்பழக்கம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்ததென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்; அதனை மறுப்போரும் உளர். போர்த்துக்கீசியர் ஹூக்ளியில் குடியேறி வாணிகம் செய்தவர்கள். 1632-ல் மொகலாயப் படை அவர்களை வென்று அவ்விடத்தினின்று அகற்றிற்று. அவர்கள் காலத்தின் எச்சமாகச் சொல்லப்படும் பாண்டேல் சீஸ் என்னும் சிறு வட்டுகள், உப்பும் புகை மணமும் கொண்டவை, இன்றும் நியூ மார்க்கெட்டில் கிடைக்கின்றன. அது எங்ஙனமாயினும், பாக்பஜாரில் நபின் சந்திர தாஸ் 1868-ல் பஞ்சு போன்ற ரசகுல்லாவைச் செய்தார் என்பது இந்நகரத்தார் பெருமையோடு சொல்லும் செய்தி. வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடையில் 1965-ல் ஒரு சோதனை வந்தது. பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சானாவால் இனிப்புச் செய்வதை இம்மாநில அரசாங்கம் தடை செய்தது. பிள்ளைகளுக்குப் பாலில்லாத ஊரில் பாலைத் திரிப்பது முறையா என்பது அரசாங்கத்தின் கேள்வி. சானா இல்லாமல் வங்காளியா என்பது மக்களின் கேள்வி. அரிசித் தட்டுப்பாட்டைப் பொறுத்துக்கொண்டவர்களும் இதைப் பொறுக்கவில்லை என்று முதியோர் இன்றும் சொல்வதுண்டு.

சானாவுக்கும் பசைக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு படி. கொழுப்பு நீக்கிய பாலைத் திரித்து, கட்டியைக் கழுவிப் பிழிந்து, அதில் காரப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் போதும். புளிப்பினால் திரண்ட கேசின் காரத்தினால் மீண்டும் கரைந்து, பாகுபோல் இழுபடும் வெண்பசையாகிறது. மரத்தின் நுண்துளைகளில் இறங்கி, நீர் வற்றியதும் இறுகிப் பிடிக்கிறது. கொழுப்பு இருந்தால் பிடிப்புக் குறையும். ஆதலால் இனிப்புக்குக் கொழுத்த பாலும் பசைக்கு மெலிந்த பாலும் உகந்தவை.

காரங்களுள் சுண்ணாம்புக்குத் தனிச் சிறப்பு உண்டு. சமையல் சோடாவால் செய்த பசை காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும். சுண்ணாம்போ கேசினோடு கூடி, எளிதில் நீரில் கரையாத ஒரு சேர்மத்தைத் தருகிறது. இந்த இரகசியம் மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் எனக் கருதப்பெறும் தியோபிலஸ் என்னும் ஐரோப்பியத் துறவி, தேவாலயக் கைத்தொழில்களைப் பற்றி எழுதிய நூலில் இதனை விவரித்திருக்கிறார். சீஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீரில் மீண்டும் மீண்டும் கழுவி, அரைத்து, சுண்ணாம்பு சேர்த்துப் பலகைகளை ஒட்ட வேண்டும்; காய்ந்தபின் வெம்மையும் ஈரமும் அவற்றைப் பிரிக்கமாட்டா என்பது அவர் கூற்றின் சாரம். வெம்மை, ஈரம் ஆகிய இவ்விரு சொற்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

துறவியைச் சொல்லும்போது நம் ஊர்க் கொத்தனாரை விட்டுவிடலாகாது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னைப் பட்டினத்தில் சாந்து செய்யும் முறையை எழுதி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அது 1732-ஆம் ஆண்டளவில் அச்சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் சேர்ப்பதை அதில் அவர் வியந்து குறிக்கிறார். மேற்பூச்சு பளிங்குபோல் மின்ன வேண்டுமானால் முட்டையின் வெண்கரு, நெய், மோர் ஆகியவற்றை அடித்துக் கலந்து சேர்க்க வேண்டும் என்கிறார். மோரில் இருப்பது கேசின். அது சுண்ணாம்போடு கூடினால் விளைவது துறவியின் பசைக்கு நெருங்கிய உறவு. ஒருவன் பலகையை ஒட்டினான், மற்றவன் சுவரை இழைத்தான், அடிப்படை ஒன்றே. சொல்லிக்கொடுத்த சென்னைக் கொத்தனார்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி அனுப்பிய கவர்னரின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரே நிற்கும் என்பது குமாஸ்தாக்களுக்குப் புதிய செய்தியன்று.

நம் குடியிருப்புச் சிறுவர் சிலர் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக இப்பசையைச் செய்து பார்த்தனர். எளிய முறையாதலின் இங்கே தருகிறோம். ஆடை நீக்கிய பால் கால் லிட்டர் எடுத்து, கொதிக்கவிடாமல், ஆவி எழும் அளவுக்குச் சூடாக்கினார்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டுக் கலக்கியதும் பால் திரிந்தது. மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீரில் இருமுறை கழுவி, நன்றாகப் பிழிந்தார்கள். கட்டியை இரு பங்காக்கி, ஒன்றில் சிறிது தண்ணீரும் சிட்டிகை சிட்டிகையாகச் சமையல் சோடாவும் இட்டுக் குழைத்தபோது நுரைத்து எழுந்து, பின் அடங்கி வழவழப்பாயிற்று. மற்றொன்றில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைச் சிறிது சேர்த்துக் குழைத்தார்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கலாகாது. ஆதலால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். நீறாத சுண்ணாம்புக் கல்லைச் சிறுவர் தொடவே கூடாது. இச்சுண்ணாம்புப் பசை சில மணி நேரத்தில் தானே இறுகிப்போகும். செய்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும்.

அடுப்படியில் இருந்த பாட்டியார் ஒருவர்க்கு இது சற்றும் பிடிக்கவில்லை. “நல்ல பாலை வேணும்னே திரிக்கிறீங்களே, அடுக்குமாடா?” என்றார். “ரசகுல்லா மட்டும் எதிலே செய்யறாங்க பாட்டி?” என்று பேரன் கேட்டான். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் பிரிந்த நீரைக் கொட்டவிடாமல் வாங்கி, துளசிச் செடிக்கு ஊற்றினார்.

ஐஸ் குச்சிகளை இரண்டிரண்டாக ஒட்டி, மேலே கனத்த அகராதியை வைத்து ஓர் இரவு விட்டார்கள். காய்ந்தபின் இருவகைப் பசையும் உறுதியாகவே பிடித்திருந்தன. தண்ணீரில் போட்டபோது சோடாப் பசை சில மணியில் வழுக்கிவிட்டது. சுண்ணாம்புப் பசை மறுநாள் வரை தாங்கி, அதன்பின் தளர்ந்தது. ஒரு சோடி மட்டும், தண்ணீர் காட்டுமுன்பே விரலால் நெம்பியதும் படக்கென்று பிரிந்தது. அச்சோடியைப் பொறுமையற்ற ஒரு பையன் பசையை ஒரு பக்கம் மட்டும் தடவி, பாரம் வைக்காமல் விட்டிருந்தான். பசை அதே பசை. நாளும் அதே நாள். கண்காட்சியில் அந்தச் சோடியை வைக்கவில்லை. நம் கருத்தில் அதுவே வைக்கத்தக்கது.

இப்பசை மலிவானதன்று. ஒரு லிட்டர் பாலில் கிடைக்கும் கேசின் 25 கிராம் அளவே. அப்படியிருக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெருந்தொழிலானது எப்படி? அங்கே வெண்ணெய்த் தொழிற்சாலைகளில் கொழுப்பு நீக்கிய பால் வெள்ளமாய் மிஞ்சியது. நாம் மோரைக் குடிக்கிறோம். அவர்கள் பன்றிக்கு ஊற்றினார்கள், அல்லது கொட்டினார்கள். மிஞ்சியதை உலர்த்திப் பொடியாக்கி விற்க வழி பிறந்ததும் கேசின் உலகச் சரக்காயிற்று. பொத்தான் செய்தார்கள், காகிதத்துக்கு மெருகிட்டார்கள், புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினாலும் லேபிள் கழலாது, புட்டியைக் காரநீரில் கழுவும்போது கழன்றுவிடும் என்பதால் மது வணிகர் இதை விரும்பினர். நம் தச்சர்களின் வச்சிரம் விலங்கின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சப்படுவது. சூடாக்கித் தடவ வேண்டும், ஈரத்தில் விட்டுப்போகும். கேசினைக் காய்ச்ச வேண்டியதில்லை; குளிர்ந்தபடியே தடவலாம்; ஈரத்தையும் ஓரளவு தாங்கும். முதல் உலக யுத்தத்தில் மர விமானங்கள் பெருகியபோது, அமெரிக்காவில் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆராய்ச்சிக்கூடம் ஈரந்தாங்கும் கேசின் பசைகளை ஆராய்ந்து மேம்படுத்தியது இக்காரணத்தாலேயே. விமானத்துக்குப் பாற்பசை என்பது ஏதோ ஒரு கோமாளியின் யோசனையன்று; அக்காலத்தில் கிடைத்தவற்றுள் தேர்ந்த பொருள் அது.

இனி நம் நகரத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஹாட்பீல்ட் என்னுமிடத்திலிருந்த டி ஹாவிலண்ட் கம்பெனி, உலோகத் தட்டுப்பாடு வரும் என்றெண்ணி முழுதும் மரத்தால் ஒரு போர் விமானத்தை வகுத்தது. அது 1940 நவம்பர் 25-ஆம் தேதி முதன்முதல் பறந்தது. பர்ச்சு மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கிடையே பஞ்சுபோல் இலேசான பால்சா மரத்தை வைத்து உடலை வார்த்தார்கள். இறக்கைக்கு ஸ்புரூஸ் விட்டங்கள். மேசை நாற்காலி செய்த தச்சுப் பட்டறைகள் இதன் உறுப்புகளைச் செய்து கொடுத்தன. இரண்டு மெர்லின் என்ஜின்களோடு, உலோக விமானங்கள் பலவற்றையும் விஞ்சும் வேகத்தில் அது பறந்தது. மொத்தம் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. முதலில் அவற்றை இணைத்தது கேசின் பசை. பின்னர், ஈரத்தையும் பூஞ்சையையும் மேலும் நன்றாகத் தாங்கும் பார்மால்டிஹைடு வகைச் செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். விமானத்தின் பெயர் மாஸ்கிட்டோ, அதாவது கொசு. கல்கத்தாவுக்குக் கொசு புதிதன்று. பறவைகளின் மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1898-ல் மெய்ப்பித்தது இந்நகரத்தில்தான்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 684-ஆம் பிரிவு 1943 செப்டம்பர் இறுதியில் டம்டம்மில் அமைக்கப்பட்டது. எதிரியின் நிலங்களை உயரத்திலிருந்து படம்பிடிப்பது அதன் தொழில். அதற்கு மாஸ்கிட்டோக்கள் வந்தன. 1944-ல் அப்பிரிவு அலிப்பூருக்கு மாறி, யுத்தம் முடியும் வரை அங்கே தங்கியது. குண்டுகளுக்குப் பதில் காமிராக்களை ஏந்தி, வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மா, சயாம், மலேயா வரை அவ்விமானங்கள் சென்று வந்தன.

அந்தச் செப்டம்பர் எப்படிப்பட்ட செப்டம்பர் என்பதை இவ்வூரில் வாழும் நாம் மறக்கலாகாது. 1943-ன் பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம். இருபத்துநான்கு பர்கானாக் கிராமங்களிலிருந்து மக்கள் நடந்தும் ரயிலேறியும் கல்கத்தா வந்து, வீட்டு வாசல்களில் சோறு கேட்கவும் துணிவின்றிக் கஞ்சித் தண்ணீர் கேட்டனர். கானிங்கிலிருந்தும் டயமண்ட் ஹார்பரிலிருந்தும் சியால்தா செல்லும் அந்தத் தெற்குப் பாதை நம் டாக்குரியா ஸ்டேஷன் வழியே செல்வது. அப்பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டவர் இருபது இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்டவர் என்று கணிப்போர் பலர்.

அவ்விமானங்கள் பறந்து சென்ற நாடுகளில் நம்மவர் பட்ட துயரும் உண்டு. தம்பியூசயாத்துக்கும் நோங்பிளாடுக்குக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள பர்மா-சயாம் ரயில் பாதையை ஜப்பானியர் 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் போட்டனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காலராவிலும் பசியிலும் அங்கே மடிந்தனர். ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் எவரும் அந்த மைல்களை வெறும் மைல்களாக எண்ண இயலாது. வானிலிருந்து எடுத்த படங்களில் பாலங்கள் தெரியும், தண்டவாளம் தெரியும். தண்டவாளத்தின் அடியில் கிடந்தவர்களைக் காமிரா காட்டாது.

1944 அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோக்கள் சில அடுத்தடுத்து விழுந்தன. எதிரி சுட்டு விழுந்தவை அல்ல. பறக்கும்போதே இறக்கை சிதைந்தது. விமானிகள் மாண்டனர். எஞ்சியவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திப் பரிசோதித்தபோது, இறக்கையின் மேற்பலகை நடுவிட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய இடங்களில் விலகியிருப்பது தெரிந்தது. உடனே எழுந்த பேச்சு, வெயிலிலும் மழையிலும் கேசின் பசை வெடித்துவிட்டது என்பது. நாம் முதலில் சொன்ன கதை பிறந்தது இங்கேதான்.

விசாரணைக்கு இந்தியா வந்த குழுவின் தலைவர் மேஜர் ஹெர்வார்டு டி ஹாவிலண்ட். பெயரைக் கண்டதும் வாசகர்க்கு விளங்கும். விமானத்தைக் கட்டிய கம்பெனியை நிறுவியவரின் தம்பி அவர். பசை கெடவில்லை, மழைக்காலத்தில் விமானத்தின் மரம் சுருங்கியதே காரணம் என்பது அக்குழு கண்ட முடிவு. பசையின்மேல் இருந்த பழி பருவமழையின்மேல் ஏறியது. இது முற்றும் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆடி மாதத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதும், தை மாதத்தில் இடைவெளி விட்டு நிற்பதும் யாவரும் காண்பதே. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கேசினும் நெடுநாள் ஈரத்தில் மெலியும், பூஞ்சைக்கு இரையாகும். ஆயினும் கேள்வி அதுவன்று. சரியாக ஒட்டிய இணைப்பு இவ்வளவு விரைவில் விட்டுப்போகுமா என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடை பின்னர் வந்தது. கேபட், மையர்ஸ் என்னும் இருவர் நடத்திய அடுத்த விசாரணை, குற்றம் கட்டுமானத்திலேயே என்று ஐயமறக் கூறியது. அதன்மேல் பிரிட்டிஷ் விமான உற்பத்தி அமைச்சகத்தின் குழு ஒன்று, இங்கிலாந்திலேயே டெபர்ட் என்னுமிடத்தில் ஆறு வெவ்வேறு வகை மாஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் அதே மாதிரிக் குறைகள். எல்லாம் ஹாட்பீல்ட், லீவ்ஸ்டன் ஆகிய இரு ஆலைகளில் கட்டியவை. அவற்றுள் ஒன்றுகூட இந்தியாவின் பருவமழையைக் கண்டதில்லை. கறையான் வாய்ப்பட்டதும் இல்லை. ஒட்டும் வேலையின் தரம் போதவில்லை என்று அக்குழு எழுதி வைத்தது.

இந்த ஒரு விவரத்தை நாம் பலமுறை படித்தோம். மழையே காணாத விமானத்தில் மழையால் வந்ததாகச் சொன்ன குறை இருந்தது! யுத்த அவசரத்தில், எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடியில், பலகையும் விட்டமும் பொருந்தாத இடத்தில் பசையை நிரப்பி மூடி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். இரு மரங்கள் முழுதும் படிந்து, பாரம் பெற்றுக் காய்ந்தால்தான் எந்தப் பசையும் பிடிக்கும். இடைவெளியை நிரப்பும் பசை பார்வைக்கு மட்டுமே இணைப்பு. குற்றம் பட்டறையில் நிகழ்ந்தது. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் மாண்டனர். இடையில் கைக்கு அகப்பட்டவை நம் மழையும் ஒரு படிப் பாலும்.

இன்னொன்றும் கூற வேண்டும். 1944 இறுதிக்குள் செயற்கைப் பிசின் வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஆகவே பால்தான் விமானத்தை வீழ்த்தியது என்போர், அவ்விமானம் எப்பசையால் ஒட்டப்பட்டது என்று முதலில் விசாரிக்கக் கடவர். ஆனால் இவ்வகைக் கதைகளில் விசாரிப்போர் குறைவு. பால் என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பட்டறை மேற்பார்வை என்ற சொல்லில் அது இல்லை. நம் இலாகாவிலும் பழி பெரும்பாலும் பேசத் தெரியாத பொருளின்மேலோ, பேச முடியாத கடைநிலை ஊழியர்மேலோ போய் உட்காரும் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பரிகாரம் சிறியதாகவே இருந்தது. இறக்கையின் நடுவிட்டத்தை ஒட்டிய இணைப்பு நெடுகிலும் ஓர் ஒட்டுப்பலகைப் பட்டையை வைத்து மூடி, நீர் புகாமல் அடைத்தார்கள். அதன்பின் விமானங்கள் மீண்டும் பறந்தன.

யுத்தத்துக்குப் பிறகு பாற்பசையை வேதிப் பிசின்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. பிள்ளைகள் இன்று பள்ளிக்கு எடுத்துச் செல்லும் வெள்ளைப் பசை பாலைப்போல் தோன்றினாலும் அதில் ஒரு துளியும் பால் இல்லை. நம் நாட்டில் 1959-ல் வந்த பெவிகாலும் அத்தகைய செயற்கைப் பசையே. அமெரிக்காவில் போர்டன் என்னும் பால் வணிகக் கம்பெனி தன் வெள்ளைப் பசைக்கு 1951-ல் எல்மர் என்று பெயரிட்டது. எல்மர் என்பது அக்கம்பெனி விளம்பரத்தில் வரும் எல்ஸி என்னும் பசுவின் கணவனான காளை. பால் போன பிறகும் மாட்டின் முகம் மட்டும் புட்டியில் தங்கிவிட்டது. புட்டி லேபிள்களிலும், பழைய ஓவியங்களையும் மரச்சாமான்களையும் செப்பனிடுவோர் கையிலும் உண்மையான கேசின் பசை இன்னும் இருக்கிறது.

அலிப்பூரிலிருந்த 684-ஆம் பிரிவு 1945 அக்டோபரில் இவ்வூரை விட்டுச் சென்றது. 1946 செப்டம்பரில் அதன் எண் மாற்றப்பட்டு, அது 81-ஆம் பிரிவாயிற்று. பிரிட்டிஷ் விமானப்படையின் மாஸ்கிட்டோ போர்ப்பணியாகப் பறந்த கடைசிப் பறப்பு அப்பிரிவினுடையதே. 1955 டிசம்பர் 15-ஆம் தேதி, சிங்கப்பூரின் செலட்டார் தளத்திலிருந்து கிளம்பி, மலேயாக் காடுகளைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பியது. அந்த நாட்டிலும் வெயில் நம் நாட்டு வெயிலே. மழை நம்முடையதைவிடச் சற்று அதிகம்.